பனியில் நின்ற ரயில்

மார்கழி மாதம். விடியற்காலை. வாசலில் கோலம் போடும் நேரம். எதிர் வீடு கொஞ்சம் மங்கலாகத் தெரியும். வெயில் ஏறினால் பனி போய்விடும். நம் ஊர்ப் பனி பெரும்பாலும் இவ்வளவுதான்.

வட இந்தியாவில் அப்படி இல்லை. பஞ்சாப், அரியானா, டெல்லி, உத்தரப் பிரதேசம், பீகார் ஆகிய இடங்களில் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனி விழும். சில நாள் காலை பத்து மணி ஆனாலும் விலகாது. சில நாள் பகல் முழுவதும் சூரியனே தெரியாது. கையை நீட்டினால் விரல் தெரியும். பத்து அடி தள்ளி நிற்கும் ஆள் நிழல் போலத் தெரிவார்.

அந்த நாட்களில் ரயில்கள் ஊர்ந்து போகும். நாலு மணி நேரம் தாமதம், பத்து மணி நேரம் தாமதம் என்று அறிவிப்பு வரும். ஸ்டேஷனில் கால் வைக்க இடம் இருக்காது. குழந்தைகள், கிழவர்கள், மூட்டை முடிச்சு எல்லாம் பிளாட்பாரத்திலேயே கிடக்கும்.

ஏன் இப்படி? ரயில் தண்டவாளத்தில்தானே ஓடுகிறது? வழி தவறப் போவதில்லையே? பனியில் ஓடினால் என்ன?

பலரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

மூடுபனி எப்படி வருகிறது?

பகலில் வெயிலால் பூமி சூடாகிறது. இரவில் அந்தச் சூடு மேலே போய்விடுகிறது. வானத்தில் மேகம் இல்லாவிட்டால் சூடு இன்னும் வேகமாகப் போகும். தரை சில்லிட்டுப் போகும். தரையை ஒட்டிய காற்றும் சில்லிடும்.

காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. நம் கண்ணுக்கு அது தெரியாது. காற்று குளிரும்போது அந்த ஈரம் சின்னச் சின்ன நீர்த் துளியாக மாறும். செம்பில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி வைத்தால் வெளியே முத்து முத்தாக வேர்க்கிறது அல்லவா? அதே கதைதான். இங்கே துளிகள் செம்பில் ஒட்டாமல் காற்றில் மிதக்கின்றன. அதுதான் மூடுபனி.

கங்கைச் சமவெளியில் ஆறுகள் அதிகம். கோதுமை வயலுக்குத் தண்ணீர் பாயும் காலமும் அதுதான். ஈரத்துக்குக் குறைவில்லை. காற்றும் வீசாது. வீசினால் பனி கலைந்து போகும். அதோடு அடுப்புப் புகை, வண்டிப் புகை, செங்கல் சூளைப் புகை எல்லாம் சேர்கிறது. புகைத் தூளைப் பிடித்துக் கொண்டு நீர்த் துளிகள் எளிதாக உண்டாகும். போகிப் பண்டிகை அன்று சென்னையில் பழைய பொருள்களைக் கொளுத்துகிறார்கள். பனியும் புகையும் சேர்ந்து விமானங்களே இறங்க முடியாமல் திண்டாடியது உண்டு. 2018 போகி அன்று அப்படித்தான் நடந்தது. வடக்கே அந்த நிலை வாரக் கணக்கில் இருக்கும்.

200 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை என்றால் அது அடர்ந்த மூடுபனி. 50 மீட்டருக்கு அப்பால் தெரியவில்லை என்றால் மிக அடர்ந்த மூடுபனி. வானிலைத் துறை இப்படிக் கணக்கு வைத்திருக்கிறது.

ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிய வேண்டியது

ரயிலுக்கு வழி தெரிய வேண்டியது இல்லை. உண்மைதான். ஆனால் ஓட்டுநருக்கு சிக்னல் தெரிய வேண்டும். பச்சை எரிந்தால் போகலாம். மஞ்சள் எரிந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சிவப்பு எரிந்தால் நிற்க வேண்டும். முன்னால் இன்னொரு ரயில் நிற்கிறதா என்பது அந்த விளக்கைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ரயில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அப்படியானால் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் போகும். பனியில் 60 மீட்டர் தூரம்தான் தெரிகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். சிக்னல் கண்ணில் பட்ட இரண்டே நொடியில் ரயில் அதைத் தாண்டிவிடும். பிரேக் போட்டால் உடனே நிற்குமா? நிற்காது. ரயில் என்பது சைக்கிள் இல்லை. அந்த வேகத்தில் போகும் ரயில் நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேண்டும்.

அதனால் பனியில் வேகத்தைக் குறைக்கிறார்கள். முன்பு 60 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று வைத்திருந்தார்கள். இப்போது பனிக் கருவி உள்ள ரயில்கள் 75 வரை போகலாம். கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டால் அதையும் விடக் குறைவாகத்தான் போக வேண்டும். அது ஓட்டுநரின் பொறுப்பு.

கான்பூரில் இருந்து புது டெல்லி ஏறத்தாழ 440 கிலோமீட்டர். 110 வேகத்தில் போனால் 4 மணி நேரம். 60 வேகத்தில் போனால் 7 மணி நேரத்துக்கும் மேலே. ஒரு ரயிலுக்கு 3 மணி நேரம் போயிற்று. அதன் பின்னால் வரும் ரயிலும் காத்திருக்கும். அதற்குப் பின்னால் வருவதும் காத்திருக்கும்.

வேகத்தைக் குறைக்காவிட்டால் என்ன ஆகும்? 2010 ஜனவரி 2-ம் தேதி. கான்பூர் அருகே பங்கி என்ற ஸ்டேஷன். கடும் பனி. ஒரு விரைவு ரயிலின் பின்னால் இன்னொரு விரைவு ரயில் மோதியது. பயணிகள் உயிர் இழந்தார்கள். அதே நாளில் உத்தரப் பிரதேசத்தில் வேறு இடத்திலும் பனியில் ரயில்கள் மோதின. தாமதத்தைத் திட்டும்போது இதையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தண்டவாளத்தில் வெடி

பனிக் காலத்தில் இரவில் சில தொழிலாளர்கள் தண்டவாளம் ஓரம் காத்திருப்பார்கள். அவர்கள் கையில் சின்ன டப்பி போன்ற வெடி இருக்கும். சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால் தண்டவாளத்தின் மேல் அதைப் பொருத்துவார்கள். ஒன்று இல்லை, இரண்டு. பத்து மீட்டர் இடைவெளி விட்டு வைப்பார்கள். ஒன்று வெடிக்காவிட்டாலும் மற்றது வெடிக்கும்.

ரயில் சக்கரம் ஏறியதும் 'டமார்' என்று சத்தம் கேட்கும். ரயிலில் இருப்பவர்களுக்குக் காயம் வராது. தண்டவாளமும் கெடாது. 'சிக்னல் வந்து விட்டது, பார்த்துப் போ' என்று ஓட்டுநருக்குச் சொல்லும் சத்தம் அது. வெள்ளைக்காரன் காலத்தில் இருந்து வரும் பழக்கம். ரயிலில் தூங்கும் பயணிகள் சிலர் இந்தச் சத்தம் கேட்டுப் பயந்து எழுந்து உட்காருவார்கள். பயப்பட வேண்டியது இல்லை.

தண்டவாளத்துக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போடுவதும் உண்டு. மின்னும் பலகைகள் வைப்பதும் உண்டு. எல்லாம் சிக்னல் வருகிறது என்பதற்கு அடையாளம்.

இப்போது ஒரு கருவியும் வந்திருக்கிறது. ஓட்டுநர் வேலைக்குப் போகும்போது கையில் எடுத்துச் செல்வார். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் மூலம் ரயில் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். அடுத்த சிக்னல் இன்னும் எத்தனை மீட்டர், ரயில்வே கேட் எத்தனை மீட்டர் என்று திரையில் காட்டும். குரலிலும் சொல்லும். ஆனால் சிக்னல் பச்சையா சிவப்பா என்று அதற்குத் தெரியாது. அதை ஓட்டுநர்தான் கண்ணால் பார்க்க வேண்டும். சிக்னல் நிறத்தை என்ஜினுக்குள்ளேயே காட்டும் 'கவச்' என்ற ஏற்பாடு வேறு. கவச் என்றால் கவசம். ஆபத்து என்றால் அதுவே பிரேக் போடும். 2020-ல் அதை நாடு முழுவதற்கும் உரிய முறையாக ஏற்றார்கள். எல்லாப் பாதைக்கும் அது வந்து சேர நாள் ஆகும்.

இன்னொரு வேலையும் இரவில் நடக்கிறது. அதைப் பயணிகள் பார்ப்பதே இல்லை. குளிரில் இரும்பு சுருங்கும். சுருங்கும்போது தண்டவாளத்தில் விரிசல் விழலாம். பற்ற வைத்த இடம் விட்டுப் போகலாம். அதைக் கண்டுபிடிக்க ஆட்கள் விளக்கோடு இரவு முழுவதும் தண்டவாளத்தில் நடக்கிறார்கள். எதிரே ரயில் வருவது பனியில் அவர்களுக்கும் தெரியாது. உயிரைக் கையில் பிடித்துக் கொண்டு செய்யும் வேலை அது.

டெல்லியில் ஒரு தாய்மாமன்

டெல்லியில் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அப்படி ஒரு கணவன் மனைவி. கணவர் ஓர் அலுவலகத்தில் காவலாளி. மனைவி நாலு வீட்டில் சமையல் வேலை. திண்டிவனத்தில் கணவரின் அக்கா மகளுக்குக் கல்யாணம். ஜனவரி 18, காலை முகூர்த்தம். இவர்தான் தாய்மாமன். தாய்மாமன் சீர் வராமல் பெண்ணை மணையில் உட்கார வைக்க மாட்டார்கள்.

ஜனவரி 15 இரவு 9 மணிக்கு ரயில். 33 மணி நேரப் பயணம். 17-ம் தேதி காலை சென்னை. ஒரு நாள் கையில் இருக்கிறது என்று நம்பிக் கிளம்பினார்கள். பட்டுப் புடவையும் வெள்ளித் தட்டும் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன.

ஸ்டேஷனில் பலகையில் 21:00 என்ற இடத்தில் 23:00 என்று போட்டிருந்தது. இரவு 11 மணி ஆனதும் 01:30 என்று மாறியது. பிறகு 03:30. கணவருக்குக் கோபம்.

"ஒரேயடியா எவ்வளவு நேரம்னு சொன்னா என்ன? வீட்டுக்காவது போயிட்டு வரலாம் இல்ல?" என்றார்.

அவர் கேட்டது சரிதான். இரண்டு இரண்டு மணி நேரமாகத் தள்ளிச் சொல்வது பயணிகளை வதைக்கும் காரியம். பனி எப்போது விலகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்பது தெரியும். அதையாவது தெளிவாகச் சொல்லலாம்.

பக்கத்தில் ஒரு ராணுவ வீரர். மதுரைப் பக்கம். லீவில் ஊருக்குப் போகிறவர். அவர் சொன்னார்: "அண்ணே, நம்ம வண்டி இன்னும் டெல்லிக்கே வரல. சென்னையில இருந்து வர்ற அதே பெட்டிங்கதான் திரும்பிப் போகணும். அது இன்னிக்குக் காலையில வந்திருக்கணும். ஆக்ரா தாண்டிப் பனியில நிக்குது."

"சென்னை வழியில ஏது தம்பி பனி?"

"சென்னையில இல்ல. குவாலியர் வரைக்கும் நல்லாத்தான் வந்திருக்கு. கடைசி முந்நூறு கிலோமீட்டர்ல மாட்டிக்கிச்சு. வந்த பிறகும் உடனே கிளம்ப முடியாது. கழுவணும், தண்ணி நிரப்பணும், பிரேக் பார்க்கணும். அதுக்கே பல மணி நேரம் ஆகும்."

இப்படித்தான் பனி இல்லாத ஊருக்கும் பனியின் தாமதம் போய்ச் சேர்கிறது. ஓட்டுநருக்கும் வேலை நேரம் உண்டு. நேரம் முடிந்தால் வேறு ஓட்டுநர் வர வேண்டும். ஒரு முறை நேரம் தவறிய ரயிலுக்கு வழியிலும் மரியாதை குறைவு. சரியான நேரத்தில் வரும் மற்ற ரயிலுக்கு வழி விட்டு ஓரமாக நிற்க வேண்டி வரும்.

அக்கா போன் செய்தார். "தம்பி, நீ இல்லாம எப்படிடா?" என்று அழுதார். கணவர் பதில் சொல்லாமல் போனை மனைவியிடம் கொடுத்து விட்டார்.

பயணச் சீட்டை ரத்து செய்யலாமா என்று யோசித்தார்கள். பக்கத்தில் ஒருவர் அப்படித்தான் செய்தார். முழுப் பணமும் கிடைத்தது. ஆனால் மறுநாள் ரயிலில் இடம் இல்லை. விமானத்துக்குக் கட்டக் கையில் பணம் இல்லை. காத்திருப்பது என்று முடிவு செய்தார்கள்.

மனைவிக்கு இந்தி பேசத் தெரியும். படிக்கத் தெரியாது. ஆங்கிலமும் தெரியாது. தமிழ் மட்டும் எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆனால் எண்கள் எல்லா மொழிக்கும் பொதுவாகத்தானே பலகையில் இருக்கின்றன? பயணச் சீட்டில் ரயிலின் எண்ணைப் பார்த்தார். ஐந்து இலக்கம். அதைப் பலகையில் தேடினார். ஒவ்வோர் இலக்கமாகப் பொருத்திப் பார்த்தார். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்து வந்தார்.

விடிகாலையில் பலகையில் 10:00 என்று வந்தது. ஏழு மணிக்கு மேல் கணவர் கண் அசந்து விட்டார். ஒன்பதரை மணிக்கு மனைவி ஓடி வந்தார்.

"என்னங்க, எழுந்திரிங்க! 3-ம் நம்பர் இல்ல, 12-ம் நம்பர்னு மாத்திட்டாங்க!"

ஒலிபெருக்கியில் சொல்லியிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் யாருக்குக் கேட்டது? மூவரும் பெட்டியைத் தூக்கிக் கொண்டு மேம்பாலம் ஏறி ஓடினார்கள். ரயில் நின்று கொண்டிருந்தது.

13 மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய ரயில், வழியில் இன்னும் 3 மணி நேரம் இழந்தது. 17-ம் தேதி இரவு 10 மணிக்குச் சென்னை வந்தது. அங்கிருந்து பஸ் பிடித்தார்கள். கல்யாண மண்டபத்துக்குப் போகும்போது மணி மூன்றரை. சமையல்காரர்கள் மட்டும் விழித்திருந்தார்கள். அக்கா ஒரு தூண் ஓரம் சேலைத் தலைப்பை விரித்துப் படுத்திருந்தார்.

பணம் எப்போது திரும்பக் கிடைக்கும்?

நீங்கள் ஏற வேண்டிய ஸ்டேஷனில் ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், பயணம் போகாமல் சீட்டைத் திருப்பித் தரலாம். முழுப் பணமும் கிடைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை. ரயில் உண்மையில் கிளம்புவதற்கு முன்பே சீட்டைக் கவுண்டரில் கொடுத்து விட வேண்டும். ரயில் போன பிறகு போய்க் கேட்டால் கிடைக்காது. கணினி மூலம் எடுத்த சீட்டு என்றால் கவுண்டரில் வாங்க மாட்டார்கள். ரயில் கிளம்பும் முன் கணினி மூலமே விண்ணப்பம் போட வேண்டும். சீட்டு எடுத்துக் கொடுத்தவரிடம் இதை முன்பே கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.

ரயிலையே ரத்து செய்து விட்டால் முழுப் பணமும் உண்டு. கவுண்டரில் எடுத்த சீட்டை மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டும். கணினிச் சீட்டுக்குப் பணம் தானாக வந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் பனிக் காலத்தில் சில ரயில்களை முன்கூட்டியே ரத்து செய்வார்கள். டிசம்பர் தொடங்கும் முன் அறிவிப்பு வரும். கல்யாணம், பரீட்சை, வேலைக்கான நேர்காணல் என்று போகிறவர்கள் அதைப் பார்த்துச் சீட்டு எடுப்பது நல்லது. 139 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் ரயில் எங்கே வருகிறது என்று சொல்வார்கள். புகாரும் சொல்லலாம்.

தாமதத்துக்கு நஷ்ட ஈடு கேட்க முடியுமா? 2016 ஜூன் மாதம் அஜ்மீரில் இருந்து ஜம்மு போன ரயில் ஏறத்தாழ 4 மணி நேரம் தாமதமாகப் போனது. அதில் போன குடும்பம் ஸ்ரீநகர் விமானத்தைத் தவற விட்டது. அவர்கள் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார்கள். ரயில்வே விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. 2021-ல் தீர்ப்பு வந்தது. தாமதத்துக்குத் தகுந்த காரணத்தை ரயில்வே காட்ட வேண்டும்; காட்டவில்லை; ஆகவே நஷ்ட ஈடு தர வேண்டும் என்றது நீதிமன்றம். அது பனிக் காலம் இல்லை. பனி என்றால் ரயில்வேயிடம் காரணம் இருக்கிறது. ஆனாலும் எந்தத் தாமதத்துக்கும் 'பனி' என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்பது இதில் தெரிகிறது.

பெட்டிக்குள் தீ வேண்டாம்

காத்திருக்கும் நேரத்தில் குளிர் தாங்காமல் சிலர் தீ மூட்டுவார்கள். திறந்த வெளியில் மூட்டினால் சரி. ரயில் பெட்டிக்குள் மூட்டவே கூடாது. 2024 ஜனவரியில் டெல்லி நோக்கி வந்த ஒரு ரயிலில் சிலர் வறட்டி கொளுத்திக் குளிர் காய்ந்தார்கள். புகை வந்ததைப் பார்த்து ரயிலை நிறுத்தினார்கள். அலிகாரில் இரண்டு பேரைக் கைது செய்தார்கள். நல்ல வேளை, பெட்டியில் தீப் பிடிக்கவில்லை.

கதவு ஜன்னல் சாத்திய அறையில் கரி அடுப்பு வைப்பதும் ஆபத்து. கரிப் புகையில் ஒரு நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டு போய்விடும்.

ஒரு கம்பளி, காதை மூடும் குல்லா, குழந்தைக்குக் காலுறை, ஒரு நாளுக்கு அதிகமாகவே சாப்பாடு, தினம் சாப்பிடும் மாத்திரை. இவை கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டி விட்டால் நடு இரவில் எடுக்க முடியாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மாத்திரையை இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துப் போக வேண்டும். ரயிலில் விற்கும் சாப்பாடு தீர்ந்து போகும். கழிப்பறைத் தண்ணீரும் தீரும். அதை நிரப்பச் சொல்லியும் 139-க்குப் புகார் செய்யலாம்.

படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்

ரயில் பலகையில் நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதுவார்கள். 12-க்கு மேல் இருந்தால் 12-ஐக் கழிக்க வேண்டும். 21:00 என்றால் இரவு 9 மணி. அப்படியானால் 23:45 என்றால் எத்தனை மணி? 09:30 என்பது காலையா, இரவா?

ஒருவர் பயணச் சீட்டில் 'ஜனவரி 16, 00:20' என்று இருக்கிறது. அவர் எந்தத் தேதி இரவு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்? 15-ம் தேதியா, 16-ம் தேதியா? பக்கத்தில் இருப்பவரோடு பேசி முடிவு செய்யுங்கள். இந்த இடத்தில் நிறையப் பேர் ரயிலைத் தவற விட்டிருக்கிறார்கள்.

ஒரு ரயில் மாலை 5 மணிக்குக் கிளம்ப வேண்டும். பலகையில் 20:30 என்று மாற்றி விட்டார்கள். சீட்டைக் கொடுத்தால் முழுப் பணம் கிடைக்குமா? எத்தனை மணிக்குள் கொடுக்க வேண்டும்?